ரெண்டு மாச சம்மர் ரிசர்ச்: எல்சி3 லேபா, மண் பிளாக்கா?

சிவில் மூணாவது வருஷப் பசங்க ஏப்ரல் வந்தாலே கேக்குறது இதுதான், அண்ணா சம்மருக்கு எல்சி3ங்கிற, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த சிமெண்ட் பண்ற லேப் போகட்டுமா இல்ல மண்ண பிரஸ்ல அழுத்திச் செய்யுற மண் பிளாக் பக்கம் போகட்டுமான்னு. ரெண்டுமே சிமெண்ட்டக் குறைக்கிற வேலைதான், ஆனா நான் முதல்ல காலண்டரத்தான் பாக்கச் சொல்லுவேன். ரெண்டுலயும் ஸ்ட்ரென்த் பாக்க 28 நாள் கியூரிங் (ஈரமா வச்சு இறுக விடுறது), ரெண்டு மாசத்துல முழுசா ரெண்டு ரவுண்டுதான் ஓடும், அதுலயும் முதல் வாரம் ஐடி கார்டு, சேஃப்டி கிளாஸ்னு போயிடும்.

எல்சி3 நல்ல ஆழமான சப்ஜெக்ட். கிளிங்கர் (சாதா சிமெண்ட்டோட முக்கியப் பொருள், சூளைல சுட்டது) 50 சதவீதம், சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5. கிளிங்கருக்கு 1450 டிகிரி வேணும், களிமண்ணுக்கு 700லேருந்து 850 போதும், சுண்ணாம்புக்கல்ல சுடாம அப்படியே அரைச்சுப் போடுறதால அதுலேருந்து கார்பன் டை ஆக்சைடும் வராது. ஐஐடி மெட்ராஸ், ஐஐடி டெல்லியெல்லாம் இதுல நிறைய வேலை பண்ணிருக்காங்க. ஆனா சம்மர் பையன் கைக்கு வர்றது எண்ணூர் மணல (டெஸ்டுக்குன்னே இருக்குற ஸ்டாண்டர்டு மணல்) எடை போடுறதும் 70.6 மில்லிமீட்டர் க்யூப் போடுறதும்தான். என் முதல் மிக்ஸ் தண்ணிய உறிஞ்சிட்டு களி மாதிரி நின்னுச்சு, சுட்ட களிமண் அப்படித்தான் தண்ணி கேக்கும், தண்ணி கூட்டாம கலவைய இளக வைக்குற சூப்பர்பிளாஸ்டிசைசரோட அளவு பிடிபடவே 10 நாள் போச்சு, அப்புறம் ஒரே ரவுண்டுதான் மிச்சம்.

மண் பிளாக்ல முதல் நாளே மண்ணு பேசும். பாட்டில்ல மண்ணும் தண்ணியும் போட்டு குலுக்கி வச்சா மணல் சட்டுனு அடியில உக்காந்துடும், களி மறுநாள் வரைக்கும் மிதக்கும். பிடிப்புக்கு, மணல் ஜாஸ்தின்னா சிமெண்ட், களி ஜாஸ்தின்னா சுண்ணாம்பு, அதுவும் சுமாரா 5 சதவீதம்தான், அந்த முடிவ நீயே எடுக்குற. ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் 1989லேருந்து இதத்தான் சொல்லிக் குடுக்குறாங்க, ஆரம் 3000ங்கிற கை பிரஸ்ஸும் அவங்களுதுதான். காஞ்ச பிளாக் கல்லு மாதிரி இருக்கும், ராத்திரி தொட்டில ஊறப்போட்டு காலைல எடுத்தா சரியில்லாத பிளாக்கோட மூலைய விரலாலயே பேத்துடலாம், தப்பு எங்கன்னு அப்பவே தெரிஞ்சிடும். உடம்பு நோகும், மே வெயில் வேற.

மூணாவதா ஓப்பன்எல்சிஏங்கிற சாஃப்ட்வேர்ல, ஒரு பொருளச் செய்ய எவ்வளவு கார்பன் வெளியேறுதுன்னு கணக்கு போடலாம், அது இலவசம், ஆனா உள்ளூர் டேட்டா இல்லன்னா கணக்கு நிக்காது.

பிஎச்டி ஆசை உறுதியா இருந்தா எல்சி3 போங்க, மைக்ரோஸ்ட்ரக்சர் (சிமெண்ட்டோட நுண்ணிய உள்ளமைப்பு) பாக்குற பழக்கம் அங்கதான் வரும். டிசைன் கத்துக்கணும்னா என் ஓட்டு மண்ணுக்குத்தான். எதுவானாலும் சேர்றதுக்கு முன்னாடி கைடுகிட்ட கேட்டுடுங்க, முதல் வாரமே மோல்டும் டெஸ்டிங் மெஷினும் கிடைக்குமான்னு.