46ஆம் வண்டியின் கீழ் பெர்த்: கோலாலம்பூரிலிருந்து லுவாங் பிரபாங் வரை

கோலாலம்பூரிலிருந்து லாவோஸின் லுவாங் பிரபாங் வரை விமானமே ஏறாமல் போக முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும். பெரும்பகுதி ரயிலிலேயே போகலாம். வழியில் ஏறிய வண்டிகளில் எதற்குக் காசு கொடுப்பது தகும், எதில் மிச்சம் பிடிக்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் தீர்ப்பு இதுதான்: தங்குமிடத்தில் சிக்கனம் பாருங்கள், சாப்பாட்டில் பாருங்கள், பாங்காக் போகும் 46ஆம் எண் இரவு வண்டியின் பெர்த்தில் மட்டும் பார்க்காதீர்கள்.

யார் சொல்கிறாள் என்று தெரிந்தால்தானே நம்புவீர்கள். நான் 2020இல் பி.எஸ்.என்.எல்.லில் விருப்ப ஓய்வு வாங்கியவள். மூட்டு சொன்ன பேச்சைக் கேட்காத வயசு. கூட வந்தவள் என் அண்ணன் மகள். தங்குமிட ஆப்பைத் திறந்ததும் "விலை: குறைவிலிருந்து" என்பதை அழுத்திவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பாள். ஆளுக்கொரு முதுகுப்பை. என்னுடையதில் ஊறுகாய் பாட்டிலும் இருந்ததால் கொஞ்சம் கனம்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருப்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பெரிய வசதி. இந்தியர்களுக்கு மலேசியாவில் 30 நாள் வரை விசா தேவையில்லை; இந்தச் சலுகை 2026 கடைசி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. போவதற்கு மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை மட்டும் நிரப்பவேண்டும். நகரத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நேராக ரயிலுக்கு வருகிறேன்.

கே.எல். சென்ட்ரலிலிருந்து, பினாங்குத் தீவுக்கு எதிரே இருக்கும் பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். என்கிற மின்சார ரயில். நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். 60லிருந்து 80 ரிங்கிட் வரை ஆகும். பஸ் இதைவிட மலிவு என்று என் மருமகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். (அண்ணன் மகளை மருமகள் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம்.) ஆனால் பினாங்கு நெடுஞ்சாலையில் விடுமுறை நாளில் சிக்கினால் எப்போது போய்ச் சேர்வோம் என்று சொல்ல முடியாது. இ.டி.எஸ். சுத்தம், வேகம், நேரம் மூன்றிலும் தேறும். ஒரே சங்கடம் ஏ.சி.தான். சால்வை இல்லாமல் ஏறாதீர்கள். பண்டிகை, பள்ளி விடுமுறை சமயங்களில் டிக்கெட் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

பட்டர்வொர்த் ஸ்டேஷனிலிருந்து கூரை போட்ட நடைபாதையிலேயே நடந்தால் படகுத்துறை. தீவிலிருக்கும் ஜார்ஜ்டவுனுக்குப் படகுக் கட்டணம் 2 ரிங்கிட். இந்தப் பயணத்திலேயே மலிவான, அழகான கால் மணி நேரம் அது.

ஜார்ஜ்டவுனில் தமிழ் போதும். குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில் 1833இல் கட்டியது. அதைச் சுற்றியிருக்கும் தெருக்களில் பூக்கடை, புடவைக்கடை, பாட்டுக் கேசட் போய் இப்போது பென் டிரைவ் விற்கும் கடை. சாப்பாட்டுக்கு நாசி கண்டார். 1907இல் தொடங்கிய ஹமீதியா முதல் தெருமுனைக் கடை வரை எல்லாமே ஒரே முறைதான்: தட்டில் சோறு, மேலே நீங்கள் கைகாட்டும் மீனோ கோழியோ, அதன்மேல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள். ஒரு தெருமுனைக் கடையில் கரண்டி பிடித்திருந்தவர் என்னைப் பார்த்ததும், "அக்காவுக்கு எந்த ஊரு?" என்றார். திருச்சி என்றேன். "நமக்கு ராமநாதபுரம் பக்கம், தாத்தா காலத்துல வந்தது. மீன் தலை வேணாம்க்கா, ரெண்டு பேருக்கு வீணாப் போயிரும். வெண்டைக்காயும் முட்டையும் வைக்கிறேன்" என்று அவரே முடிவு செய்துவிட்டார். பில் நாங்கள் நினைத்ததில் பாதிதான் வந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை: கை காட்டுவதற்கு முன்பு விலை கேளுங்கள். பெரிய இறாலும் மீன் முட்டையும் விலையை எங்கேயோ கொண்டுபோய்விடும்.

பினாங்கிலிருந்து தாய்லாந்துக்கு மினிவேன் டிக்கெட் விற்கும் ஏஜென்சிகள் தெருவுக்கு ரெண்டு உண்டு. வேண்டவே வேண்டாம். பட்டர்வொர்த்திலிருந்து கொம்யூட்டர் ரயில் எல்லை ஸ்டேஷனான பாடாங் பெசாருக்கு 12 ரிங்கிட்டுக்குள் கொண்டுபோய் விடுகிறது. ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. வழி முழுக்க நெல்வயல். கெடா மாநிலம் மலேசியாவின் நெற்களஞ்சியம் என்பது ஜன்னலில் பார்த்தாலே தெரியும்.

பாடாங் பெசாரின் சிறப்பு, ரெண்டு நாட்டுக் குடிநுழைவும் ஒரே ஸ்டேஷனுக்குள் இருப்பதுதான். மலேசிய அதிகாரி வெளியேற்ற முத்திரை குத்துவார். சில அடி தள்ளி தாய் அதிகாரி உள்நுழைவு முத்திரை குத்துவார். மலேசிய மண்ணில் நின்றபடியே தாய்லாந்துக்குள் போய்விடுகிறோம். மாடியில் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, காத்திருக்க அதுவே நல்ல இடம். தாய்லாந்துக்கும் டிஜிட்டல் வருகை அட்டை 2025 மே முதல் கட்டாயம். இலவசம்தான், பணம் கேட்கிற இணையதளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். இந்தியர்களுக்கு 2024 ஜூலையிலிருந்து 60 நாள் விசா விலக்கு கொடுத்தார்கள், அதைக் குறைக்கும் பேச்சும் எழுந்தது. கிளம்புகிற வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். தாய்லாந்து மலேசியாவுக்கு ஒரு மணி நேரம் பின்னால். பாங்காக் போகும் 46ஆம் எண் வண்டி மாலை 5 மணிக்கு என்று தாய் டிக்கெட்டில் இருந்தால், ஸ்டேஷன் கடிகாரத்தில் அது 6 மணி.

இனி அந்த வண்டி. இரண்டாம் வகுப்பு ஏ.சி. ஸ்லீப்பர், 1,000 பாட்டை ஒட்டி வரும். நம் காசுக்கு 2,700 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த தூரம், ஓர் இரவுத் தங்கல், ரெண்டும் அதில் அடக்கம். மேல் பெர்த் சுமார் 100 பாட் குறைவு. இந்த 100 பாட்டுக்காகத்தான் எனக்கும் மருமகளுக்கும் பினாங்கிலேயே வாக்குவாதம். "அத்தை, 100 பாட்ல ரெண்டு வேளை சாப்பிடலாம்" என்றாள். "நீ சாப்பிடு, நான் படுத்துக்கிறேன்" என்று எனக்குக் கீழ் பெர்த்தே போடச் சொன்னேன்.

நம்மூர் ரயிலில் போனவர்களுக்கு இந்தப் பெட்டியை விளக்குவது சுலபம். எல்லாமே சைடு லோயர், சைடு அப்பர்தான். நடுவில் நீளமாக வழி, ரெண்டு பக்கமும் தண்டவாளத்துக்கு இணையாகப் படுக்கைகள். ஆனால் நம்முடைய சைடு லோயரில் கால் நீட்டினால் தலை இடிக்கும். இங்கே அகலமும் நீளமும் தாராளம். மீட்டர் கேஜ் பாதையில் ஓடும் பெட்டிக்குள் இவ்வளவு இடம் எப்படி எடுத்தார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது. எழும்பூரிலிருந்து மீட்டர் கேஜில் போன காலத்தை நினைவு வைத்திருப்பவர்களுக்கு அந்த லேசான ஆட்டம் உடனே பிடிபடும்.

பகலில் எதிரெதிரே ரெண்டு நாற்காலி. இருட்டியதும் பணியாளர் வருவார். எங்கள் பெட்டியில் வந்தவர் ஒல்லியான நடுத்தர வயசுக்காரர், ஒரு வார்த்தை பேசவில்லை. ரெண்டு நாற்காலியையும் ஒன்றை நோக்கி ஒன்றாக இழுத்தார், முதுகுச் சாய்வு சரிந்து சமமான பலகையானது. கையிலிருந்த சாவியைச் சுவரில் திருப்பியதும் மேல் பெர்த் கீழே இறங்கியது. அதற்குள் மடித்து வைத்திருந்த மெத்தைகளில் ஒன்றை எடுத்துக் கீழே விரித்தார். பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளை விரிப்பைப் போட்டு, நாலு மூலையையும் உள்ளே செருகி, தலையணைக்கு உறை மாட்டி, கொக்கிகளில் திரையைத் தொங்கவிட்டார். எல்லாம் ரெண்டு மூணு நிமிஷம்தான். அந்த வேகத்தில் எனக்கு வீட்டில் படுக்கை விரிக்க ஆள் கிடைத்தால் என் ஓய்வூதியத்தில் பாதியைக் கொடுத்துவிடுவேன்.

கீழ் பெர்த்தில் ஜன்னல் முழுவதும் உங்களுக்குத்தான். மேல் பெர்த்தில் ஜன்னலே கிடையாது, அகலமும் குறைவு. வழியிலிருக்கும் விளக்கு இரவு முழுக்க எரியும், திரைக்கு மேலே உள்ள இடைவெளி வழியாக அது மேலே படுத்திருப்பவரின் கண்ணில்தான் விழும். மருமகள் காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கியதை நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

ஹாட்யாய் ஜங்ஷனில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். அங்கே வாங்கவேண்டியது பொரித்த கோழி. மேலே வறுத்த சின்ன வெங்காயத்தை அள்ளித் தூவி, ஒட்டும் அரிசிச் சோற்றோடு பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவார்கள். ஊர்ப்பெயரைச் சொல்லியே பாங்காக்கிலும் இதை விற்கிறார்கள், ஆனால் இங்கே உள்ள வெங்காயத்தின் முறுமுறுப்பு அங்கே இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் மஞ்சள் நிறப் பலகையில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகளைத் தேடுங்கள்; அங்கே பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். தாய் ரயிலில் 2014 முதல் மதுவுக்குத் தடை. பெண்கள் தனியாகப் போக இதுவும் ஒரு நிம்மதி.

காலையில் நகோன் பத்தோமை நெருங்கும்போது ஊர்க்கூரைகளுக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய ஸ்தூபி தெரியும். பிரா பத்தோம் சேடி, ஏறத்தாழ 120 மீட்டர் உயரம். எழுந்து உட்கார்ந்து காபி குடிக்கச் சரியான நேரம். பாங்காக்கில் 2023 ஜனவரி முதல் தொலைதூர வண்டிகள் பழைய ஹுவா லம்போங்குக்குப் போவதில்லை, க்ருங் தெப் அபிவட் என்ற பிரம்மாண்டமான புது ஸ்டேஷனோடு நின்றுவிடுகின்றன. கீழேயே மெட்ரோ, பாங் சூ நிறுத்தம். ஒன்பது, பத்து மணி வாக்கில் சேரும். ஆனால் அன்றைக்கே விமானம் பிடிக்கிற மாதிரித் திட்டம் போடாதீர்கள்.

பாங்காக்கில் நாங்கள் எடுத்த விடுதி மலிவு, அதற்கேற்ற இடம். பெயர் வேண்டாம். எட்டுப் பேர் அறையில் அதிகாலை மூணு மணிக்குத் திரும்பி வந்தவர்கள் பையின் ஜிப்பை அரை மணி நேரம் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். மருமகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள். விடுதி அவள் வயசுக்குச் சரி. ஊர் சுற்ற சாவ் பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடிப் படகு, எங்கே இறங்கினாலும் 16 பாட். ஊர் சுற்றும் பணத்தை அங்கே மிச்சம் பிடித்துவிடலாம்.

முன்பெல்லாம் இந்த இடத்தில் பலர் கம்போடியா பக்கம் திரும்புவார்கள். அரண்யப்பிரதேத் வரை மூன்றாம் வகுப்பு ரயிலில் போய், எல்லை தாண்டி அங்கோர் வாட். பல காலமாக முதுகுப்பைக்காரர்களின் ராஜபாட்டை அது. 2025 ஜூனில் தாய்லாந்து - கம்போடியா மோதல் முற்றி, தரைவழி எல்லைகள் மூடப்பட்டன. எனவே பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். நாங்கள் வடகிழக்கே லாவோஸுக்குப் போனோம்.

தாய் எல்லை ஊரான நோங் காய் போகும் 25ஆம் எண் இரவு வண்டியில் 2016இல் வந்த புதிய பெட்டிகள். ஒவ்வொரு பெர்த்துக்கும் தனி விளக்கு, சார்ஜ் போடும் இடம், சுத்தமான கழிப்பறை. வசதியை மட்டும் பார்த்தால் 46ஐ விட இதுவே மேல். மேல் பெர்த்திலும் தூங்க முடிகிறது என்று மருமகளும் ஒத்துக்கொண்டாள். ஆனாலும் எனக்கு 46தான் பிடித்தது. இந்தப் புது வண்டியில் இரவு ஏறி, தூங்கி, விடியும்போது இறங்கிவிடுகிறோம். 46இல் பாதி சாயங்காலமும் பாதி காலையும் ஜன்னலில் கிடைக்கிறது. 2024 ஜூலை முதல் பாங்காக்கிலிருந்து லாவோஸ் தலைநகர் வியன்டியான் வரை நேரடி வண்டியும் ஓடுகிறது. நாங்கள் இ-விசாவோடு நட்புறவுப் பாலத்தின் வழியே பஸ்ஸில் மீகாங் ஆற்றைக் கடந்தோம். 1994இல் திறந்த பாலம், கடக்கச் சில நிமிஷம். லாவோஸில் 100,000 கிப் நோட்டைக் கையில் வாங்கியதும் பணக்காரி ஆகிவிட்டோமோ என்று தோன்றும். அது 400 ரூபாய் சொச்சம்தான்.

வியன்டியானிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு முன்பெல்லாம் மலைப்பாதையில் பகல் முழுக்க பஸ். 2021 டிசம்பர் 3இல் திறந்த லாவோஸ் - சீன ரயில் அதை ரெண்டு மணி நேரமாகச் சுருக்கிவிட்டது. மணிக்கு 160 கி.மீ. ஆட்டமே இல்லை. வாங் வியங் தாண்டியதும் சுண்ணாம்புக்கல் மலைகள் வரும்; கேமராவை எடுப்பதற்குள் சுரங்கம், வெளியே வந்தால் மறுபடி சுரங்கம். ஸ்டேஷன்கள் ரெண்டுமே ஊருக்கு வெளியே ரொம்ப தூரம், பகிர்ந்து போகும் வேனுக்குத் தனியாகக் காசு எடுத்து வையுங்கள். பாதுகாப்புச் சோதனை விமான நிலையம் மாதிரிதான்: கத்தி, ஸ்ப்ரே டப்பா எதையும் விடமாட்டார்கள். மருமகளின் கொசு விரட்டி ஸ்ப்ரே அங்கேயே தங்கிவிட்டது. ஊறுகாய் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மோந்து பார்த்து, விட்டுவிட்டார்கள்.

டிக்கெட் விஷயம். 46க்கு தாய் ரயில்வேயின் சொந்த டி-டிக்கெட் தளத்தில் நேரடியாகப் போடுங்கள். இடைத்தரகுத் தளங்கள் அதே பெர்த்துக்குக் கூடுதல் கட்டணம் சேர்க்கின்றன. இருக்கை வரைபடத்தில் பெட்டியின் நடுப்பகுதியாகப் பார்த்து எடுங்கள், ஓரத்தில் எடுத்தால் கதவுச் சத்தமும் கழிப்பறை நடமாட்டமும் இருக்கும். கீழ் பெர்த்துகள்தான் முதலில் தீரும். தேதி முடிவானதும் விமான டிக்கெட்டுக்கு முன்னால் இதைப் போட்டுவிடுங்கள்.