ஏற்றமா, கவலையா: எந்தக் கிணற்றுக்கு எது?

பம்புசெட் வருவதற்கு முன் நம் ஊர்களில் கிணற்றுப் பாசனத்துக்குப் பெரிய வழிகள் இரண்டு. ஆள் மிதிக்கும் ஏற்றம் ஒன்று. மாடு இழுக்கும் கவலை இன்னொன்று. தெற்கே போனால் கமலை என்பார்கள். ஏற்றம் ஆதிகாலத்துப் பொருள், கவலை அதற்கு அடுத்த முன்னேற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இரண்டும் ஒரே காலத்தில் ஓடியவை. எது என்பதைக் கிணற்றின் ஆழமும் வீட்டில் மாடு உண்டா என்பதும்தான் முடிவு செய்தன.

ஏற்றம் என்பது நட்ட கால்களின் மேல் சீசாப் பலகை போல ஏறி இறங்கி ஆடும் நீண்ட மரம். ஒரு முனையில் மூங்கில் கழி, கழியின் நுனியில் தண்ணீர் மொள்ளும் பாத்திரமான சால். எகிப்தின் ஷாதுஃபும் இதே வகைதான். அங்கே மறுமுனையில் கல்லோ களிமண்ணோ எடைக்கு இருக்கும். நம் ஏற்றத்தில் அந்த எடை மனிதர்களே. ஓரிருவர் மரத்தின் மேலேயே முன்னும் பின்னும் நடப்பார்கள். கிணற்றை நோக்கி வந்தால் சால் இறங்கும், திரும்பி நடந்தால் ஏறும். கீழே ஒருவர் கழியைப் பிடித்துச் சாலைக் கவிழ்ப்பார். யாழ்ப்பாணத்தில் இதுவே துலா. சுண்ணாம்புக்கல் நிலத்தில் தண்ணீர் அதிக ஆழத்தில் இல்லை என்பதால், பனைமரத் துலாவும் தண்ணீர் மொள்ளும் பனையோலைப் பட்டையும் கொண்டே அங்கே தோட்டங்களை விளைய வைத்தார்கள். மாட்டுத் தீனிச் செலவும் கிடையாது. ஆனால் ஆழமான கிணற்றுக்கு ஏற்றம் எட்டாது. மிதிப்பவரின் கால் வழுக்கினால் என்ன ஆகும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆழக் கிணறு என்றால் கவலைதான். கயிற்றில் கட்டிய பெரிய சாலை, கிணற்றை ஒட்டிய சரிவில் இறங்கி நடக்கும் மாடுகள் இழுத்து ஏற்றும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தோல் தும்பி. சாலின் அடியில் குழாய் போல நீளும் இதன் வாய் திறந்தே இருக்கும். சால் ஏறும்போது வால்கயிறு அந்த வாயை மேலே மடக்கிப் பிடித்திருப்பதால் தண்ணீர் கொட்டாது. சாலைத் தூக்கும் வடக்கயிறு உயரத்தில் உள்ள உருளை மேல் ஓடும், வால்கயிறு கிணற்று விளிம்பில் உள்ள தாழ்ந்த உருளை மேல். மாடுகள் சரிவில் இறங்கி முடிக்கும்போது தும்பியின் வாய் தாழ்ந்த உருளையைத் தாண்டித் தொட்டிக்குள் விழும், சால் இன்னும் மேலே போகும், தண்ணீர் தானாகவே கொட்டும். சாலைக் கவிழ்க்க ஆளே வேண்டாம்!

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பாபரே சாட்சி. பஞ்சாபில் கலயங்கள் கோத்த சக்கரத்தையும், ஆக்ராப் பக்கம் மாடு இழுக்கும் சாலையும் பார்த்தவர் அவர். இரண்டாவதில் மாட்டை ஓட்ட ஒருவர், சாலைக் கவிழ்க்க ஒருவர் என இரண்டு பேர் வேண்டும். கயிறு சாணியிலும் மூத்திரத்திலும் புரண்டு மறுபடி கிணற்றுக்குள் போகிறது என்று முகம் சுளித்து எழுதியிருக்கிறார். தும்பி இருந்தால் இரண்டாவது ஆள் மிச்சம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க 1 லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். கவலைச் சால் 100 லிட்டர், நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தால் 1,000 சால், ஏறக்குறைய 17 மணி நேரம். ஏற்றச் சால் 25 லிட்டர், நிமிடத்துக்கு நான்கு என்றாலும் அதே 17 மணி நேரம்தான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஏற்றம் மேலாக இருக்கும் தண்ணீரை மூன்று பேரின் உடம்பைக் கொண்டு தூக்குகிறது. கவலை இன்னும் அதிக ஆழத்திலிருந்து ஒரே ஆளையும் ஒரு ஜோடி மாட்டையும் வைத்துத் தூக்குகிறது.

அந்த மாடுகளின் பாடு லேசானதல்ல. ஒரே ஜோடி மாடு இழுக்கும் ஒற்றைக் கவலையில் இறங்கிய சரிவிலேயே பின்னோக்கி நடந்து ஏற வேண்டும். அதற்குப் பழக்குவதே தனி வேலை. சுமையைக் குறைக்க, இறங்கும்போது ஓட்டுபவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் கொடுப்பார்.

1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் கோவைப் பக்கம் வந்தபின், மோட்டார் மெல்ல மெல்ல இரண்டையும் ஓரங்கட்டியது. அதுவரை கொங்கு நாட்டு ஆழக் கிணறுகளுக்குக் கவலையை விட்டால் வேறு வழி இருந்திருக்காது. மேலாகவே ஊறும் கிணறும், உழைக்க மூன்று பேரும், மாடு வாங்கக் காசு இல்லாத நிலையும் என்றால் நான் ஏற்றத்தைத்தான் சொல்வேன்.