காற்புள்ளிப் பட்டியலை லேடெக்கில் அகரவரிசைப்படுத்துதல்: நான் லுவாவின் பக்கம் சாய்ந்த காரணம்

மதுரை மாவட்டத்து ஊர்ப்பெயர்களைப் பற்றிய ஒரு கையேட்டை லேடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில் பக்கம் அமைத்துக் கொடுக்கும் வேலை சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. ஒவ்வோர் ஊரின் பதிவிலும் அக்கம்பக்கத்து ஊர்களின் பெயர்கள் காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு ஒரே வரியில் இருந்தன. நூலாசிரியர் ஒவ்வொரு மெய்ப்பிலும் (திருத்துவதற்கான அச்சுப்படியிலும்) விடுபட்ட பெயர்களை வரியின் கடைசியில் எழுதிச் சேர்த்துக்கொண்டே வந்ததால், கையால் வரிசைப்படுத்தும் முறையை இரண்டாம் மெய்ப்போடு கைவிட்டேன். பட்டியல் எந்த ஒழுங்கில் தட்டப்பட்டிருந்தாலும் அச்சில் அகரவரிசையாக வர வேண்டும் என்பதே தேவை. அதற்கு மூன்று வழிகளை முழுமையாக முயன்றேன். நான்காவதான டேட்டாடூல் என்னும் லேடெக் துணைத் தொகுதியைச் சிறிய ஆங்கிலப் பட்டியல் ஒன்றில் மட்டும் பார்த்தேன். அங்கே அது குறையின்றி வேலை செய்தது. தமிழில் அதை நான் ஓட்டிப் பார்க்காததால், அதற்கு ஆதரவாகவோ எதிராகவோ பேச எனக்கு உரிமை இல்லை.

ஆவணத்துக்கு வெளியே, பைத்தான் நிரலால் வரிசைப்படுத்தி ஒட்டுவது முதல் வழி. தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தர ஓப்பன்-தமிழ் நூலகம் இருப்பதால் நிரல் எழுதுவது கடினமன்று. ஆனால் திருத்தம் ஆவணத்தில் நடக்கிறது, வரிசைப்படுத்தல் வேறோர் இடத்தில் நடக்கிறது. நிரலை மறுபடி ஓட்ட ஒருமுறை மறந்தாலும் பழைய வரிசையே அச்சுக்குப் போகும். எனக்கு அப்படியே நடந்தது. மூன்றாம் மெய்ப்பில்தான் கண்டுபிடித்தேன்.

இரண்டாவது வழி, ஆவணத்துக்குள்ளேயே நிரல் எழுத உதவும் லேடெக்3 நிரல் அடுக்கு. 2020 பிப்ரவரி வெளியீட்டிலிருந்து இது லேடெக்கின் உட்கருவிலேயே சேர்ந்திருப்பதால் தனித் தொகுதி எதையும் அழைக்க வேண்டியதில்லை. இதன் சிலிஸ்ட் என்னும் பட்டியல் வகை காற்புள்ளிக்கு முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களைத் தானே நீக்குகிறது. தவறுதலாக இரண்டு காற்புள்ளிகள் அடுத்தடுத்து விழுந்தாலும் இடையில் உள்ள வெற்று உறுப்பைத் தள்ளிவிடுகிறது. இரண்டு பெயர்களை ஒப்பிட்டு, இடம் மாற்றுவதா அப்படியே விடுவதா என்று மட்டும் நாம் சொன்னால் போதும். மீதியை அது பார்த்துக்கொள்ளும். ஆங்கிலப் பெயர்களுக்கு நான் இன்றும் இதையே பயன்படுத்துகிறேன். அந்த அளவில் இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

தமிழுக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சோதனைக்காக அவனியாபுரம், அனுப்பானடி, அழகர்கோவில், அரிட்டாபட்டி, அலங்காநல்லூர் என்ற ஐந்து பெயர்களைக் கொடுத்து, சாதாரண சர (எழுத்துத்தொடர்) ஒப்பீட்டைக் கொண்டு வரிசைப்படுத்தினேன். அனுப்பானடி, அரிட்டாபட்டி, அலங்காநல்லூர், அழகர்கோவில், அவனியாபுரம் என்று வந்தது. நெடுங்கணக்குப்படி அவனியாபுரத்துக்குப் பிறகே அழகர்கோவில் வர வேண்டும். னகரம் மெய்களில் கடைசி என்பதால் அனுப்பானடி எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்க வேண்டும். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறியெண் தரும் யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னும் வைக்கப்பட்டுள்ளன. குறியெண்ணை மட்டும் பார்க்கும் எந்த ஒப்பீடும் இந்தப் பிழையைச் செய்தே தீரும்.

அதைவிட நுட்பமான பிழை புள்ளியில் இருக்கிறது. அகராதியில் கொட்டாம்பட்டி முன்னும் கொடிக்குளம் பின்னும் வரும், ஏனெனில் ட் என்னும் மெய் டகர உயிர்மெய்களுக்கு முந்தியது. யூனிகோட்டிலோ புள்ளிக்கு உரிய குறியெண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பிந்தியது. ஆகவே கொடிக்குளம் முந்திக்கொள்கிறது. ஊர்ப்பெயர்க் கையேட்டில் இது கண்ணில் படாத பிழை என்று விட்டுவிட முடியாது. கொட்டாம்பட்டியைத் தேடுகிறவர் அதற்கு உரிய இடத்தில் காணாவிட்டால், பெயரே விடுபட்டுப்போனது என்றுதான் எண்ணுவார்.

லேடெக்3 அடுக்கிலும் சொந்த ஒப்பீட்டு விதியை எழுதலாம். நானும் தொடங்கினேன். ஒவ்வொரு பெயரையும் மெய், உயிர்க்குறி, புள்ளி என்று பிரித்து எண்ணாக்கும் வேலை அந்த மொழியில் நீண்டுகொண்டே போயிற்று. ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது நான் எழுதியது எனக்கே விளங்கவில்லை. அதில் தேர்ச்சி பெற்றவர்கள் இதைச் சுருக்கமாக முடித்திருக்கக்கூடும்.

மூன்றாவது வழி லுவாலேடெக், அதாவது லுவா என்னும் நிரல்மொழியை உள்ளே கொண்ட லேடெக் வகை. அதில் அதே வேலை சாதாரண நிரலாக அமைந்தது. எழுத்துகளின் வரிசையை ஒரே சரமாக எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் அதில் உள்ள இடத்தையே எண்ணாகக் கொண்டேன்: உயிர்கள் 1 முதல் 12, ஆய்தம் 13, ககரம் 14, டகரம் 18, னகரம் 31, அதன் பின் கிரந்த எழுத்துகள். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் நான்கு இலக்கம். முதல் இரண்டு மெய்க்கு, அடுத்த இரண்டு உயிருக்கு, புள்ளி இருந்தால் 00. இவ்வாறு கொ என்பது 1410, ட் என்பது 1800, டி என்பது 1803 ஆகிறது. பிறகு அந்த எண்சரங்களை ஒப்பிட்டால் கொட்டாம்பட்டி தானாகவே கொடிக்குளத்துக்கு முன்னால் வந்துவிடுகிறது. ஒவ்வொரு பெயருக்கும் இந்த எண்சரத்தை ஒரே முறை கணக்கிட்டு வைத்துக்கொள்வதால், வரிசைப்படுத்தும்போது காத்திருக்க வேண்டியதில்லை. என் பட்டியல்களில் நீளமானதே நாற்பது பெயர்தான்; ஆயிரக்கணக்கில் இருந்தால் எப்படி என்பதை நான் சோதித்ததில்லை.

இந்த வழியில் எனக்கு நேர்ந்த இடையூறுகளையும் சொல்ல வேண்டும். லுவா நிரலை ஆவணத்துக்குள்ளேயே எழுதினால் விழுக்காட்டுக் குறியையும் (%) எண் குறியையும் (#) லேடெக்குக்கு அடிப்படையான டெக் தன்னுடைய கட்டளைக் குறிகளாக எடுத்துக்கொள்ளும். தனிக் கோப்பில் வைத்து அழைப்பதே பாதுகாப்பு. ஒப்பீட்டில் ‘சிறியது’ என்பதற்குப் பதிலாக ‘சிறியது அல்லது சமம்’ என்று எழுதியதால், ஒரே பெயர் இரண்டு முறை வந்த பட்டியலில் வரிசை விதி செல்லாது என்ற பிழைச்செய்தியோடு ஓட்டம் நின்றது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் கொ என்பதன் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக இருந்ததால், அவற்றை முதலில் ஒன்றாக்க வேண்டியிருந்தது. கௌரி என்பதை ளகரம் இட்டுக் கெளரி என்று தட்டியிருந்தால் மட்டும் நிரலால் ஒன்றும் செய்ய இயலாது. கெளுத்தி என்பதில் அதே ளகரம் முறையாகவே வருகிறது அல்லவா?

அதுவரை சீலேடெக் என்னும் இன்னொரு லேடெக் வகையில் இருந்த நூலை லுவாலேடெக்குக்கு மாற்றியது பெரிய செலவு. டெக்லைவ் என்னும் மென்பொருள் தொகுப்பின் 2020 வெளியீடு முதல் லுவாலேடெக்கிலும், எழுத்து வடிவங்களைச் சரியாக இணைத்து அமைக்கும் ஹார்ஃப்பஸ் இருப்பதால், எழுத்துருவை அழைக்கும் வரியில் அதைக் குறிப்பிட்டதும் கொம்புகள் தத்தம் இடத்தில் அமர்ந்தன. ஆனால் சில பத்திகளில் வரி முறியும் இடம் மாறியது, ஓட்டமும் மெதுவானது. நூல் ஏற்கெனவே இறுதி மெய்ப்பில் இருந்தால் இந்த மாற்றத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இத்தனைக்குப் பிறகும் என் தேர்வை உறுதியாக்கியது பராமரிப்பு. ஜெய்ஹிந்துபுரத்தை நான் கிரந்த எழுத்துகளோடு கடைசியில் வைத்திருந்தேன். நூலாசிரியரோ, படிப்பவர்கள் அதைச் சகரத்தை அடுத்தே தேடுவார்கள் என்றார். அவர் சொன்னது சரியாகவே பட்டது. எழுத்து வரிசைச் சரத்தில் ஜகரத்தைச் சகரத்துக்கு அடுத்த இடத்துக்கு நகர்த்தினேன். இட எண்கள் எல்லாம் அந்தச் சரத்திலிருந்தே கணக்கிடப்படுவதால் வேறு எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. மறு ஓட்டத்தில் கையேட்டின் எல்லாப் பட்டியல்களிலும் ஜெய்ஹிந்துபுரம் செல்லூரைத் தாண்டியவுடன் வந்து நின்றது.