1/72 ஸ்வோர்ட்ஃபிஷ் கிட்: பாகங்கள் நல்லம், வழிகாட்டித் தாளை நம்ப வேண்டாம்

1942 ஏப்ரல் 5ஆம் திகதி, சீனக்குடாவில் இருந்து பிரித்தானியரின் ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் டோர்பிடோக்களோடு இரத்மலானைக்குப் புறப்பட்டன. கொழும்புக்குக் கிட்ட ஜப்பானியரின் சீரோ போர்விமானங்கள் ஆறையும் வீழ்த்திவிட்டன. நாலு நாள் கழித்துக் குண்டு எங்கள் ஊரான திருகோணமலையிலேயே விழுந்தது. சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய்வந்தவன் நான். பிளாஸ்ரிக் மாடலாக இரட்டை இறக்கை விமானம் ஒன்று செய்வதென்றால் இதுதான் என்று எப்போதோ முடிவெடுத்தாயிற்று.

நிஜ விமானம் இறக்கை நுனிக்கு நுனி 13.87 மீற்றர். 72இல் ஒரு பங்கான இந்த மாடலில் அது 19 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேல். உடலின் இரண்டு பாதியும் இடைவெளி அடைக்கும் புட்டி இல்லாமலே பொருந்தின. பெகசஸ் எஞ்சினின் ஒன்பது சிலிண்டரும் தனித்தனியாகத் தெரிகின்றன. சின்னங்களை ஒட்டும் டெக்கலும் குறை சொல்ல முடியாது.

கோபம் வழிகாட்டித் தாளில்தான். இறக்கைகளுக்கு நடுவே கம்பி கட்டும் படத்தைக் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். அதற்குள் இரண்டு இறக்கையும் ஒட்டியாகிவிடும். துளை போட விரலே நுழையாது. தாளை நம்பிப் போன நான் மேல் இறக்கையைக் கழற்றும்போது ஒரு தாங்குகாலை முறித்தேன். ஒட்டுவதற்கு முன்பே 0.3 மில்லிமீற்றர் துளைகளைப் போட்டு, பெயின்ற்றும் அடித்துவிடுங்கள். கம்பியாக வைக்கும் நூலைக் கீழ் இறக்கையில் முதலில் ஒட்டிக்கொண்டு, மேல் இறக்கையை வைத்த பிறகு அதன் துளை வழியாக இழுக்கலாம்.

நூலுக்கு முதலில் மீன்பிடிக்கும் தங்கூசி எடுத்தேன். 0.2 மில்லிமீற்றர் தானே என்று நினைத்தால், 72ஆல் பெருக்க 14 மில்லிமீற்றருக்கு மேல் வருகிறது. இறக்கைக்கு நடுவே தண்ணீர்க் குழாய் போட்ட மாதிரி இருந்தது. மெழுகுதிரியில் காட்டி இழுத்த பிளாஸ்ரிக் இழை நேராக நின்றது, ஆனால் மூச்சுப் பட்டாலே முறிந்தது. கடைசியில் தையல் சாமான் கடையில் வாங்கிய கண்ணுக்குத் தெரியாத நைலோன் நூல்தான் கைகொடுத்தது.

இழுப்பது வேறு வித்தை. பறக்கும்போது இறக்கை மேலே வளையாமல் ஒரு கம்பி பிடிக்கும். தரையில் நிற்கும்போது தொங்காமல் குறுக்கே போகும் மற்றது பிடிக்கும். அதனால் இரண்டும் விறைப்பாக இருக்க வேண்டும். நான் இடப்பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு வலப்பக்கம் போனேன், மேல் இறக்கை கோணிவிட்டது. திருக்கடலூரில் வலை பொத்துகிற மாமா பார்த்துவிட்டு, "ஒரு பக்கத்தையே இழுத்தா கோணத்தானே செய்யும் தம்பி. இதில கொஞ்சம், அதில கொஞ்சம்" என்றார். நூலை வெட்டி மறுபடி தொடங்கினேன். மூன்று இரவு.

சூப்பர் குளூ விசயத்தில் கவனம். அதன் ஆவி பட்டு முன்கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிட்டது. கண்ணாடியைக் கடைசியில் ஒட்டுங்கள்.

முதல் கிட்டாக இதை வாங்க வேண்டாம். 1942இல் சீனக்குடாவில் ஹரிக்கேன்களும் நின்றன. ஒற்றை இறக்கை, இந்தக் கம்பி வேலை கிடையாது. அதில் கை பழகட்டும். ரெண்டு மூன்று செய்தவர்களுக்கு இந்தக் கிட்டைத் தாராளமாகச் சொல்வேன், தாளைக் கிழித்தெறிந்துவிட்டு.

முடித்ததும் மாமாவிடம் காட்டினேன். பெயருக்கு வாள்மீன் என்று அர்த்தம் என்றதும், "வாள்மீனுக்கு ரெண்டு தட்டுச் செட்டையோ?" என்று சிரித்தார். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வால் பக்கம் ஒரு நூல் தொய்ந்திருப்பதைக் காட்டினார்.