பிசினஸ் கிளாஸ்: ரெண்டரை லட்சமும் ஒரு எலி வங்கும்

போன வாரம் சித்தப்பா மகன் கூப்பிட்டான். ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடக்கிற ஹைம்டெக்ஸ்டில் என்ற வீட்டுத் துணிக் கண்காட்சிக்குப் போகிறான். முதல் தடவையாக பிசினஸ் கிளாஸ். "டிக்கெட் போடப் போறனுங்ணா. சீட்டு எதைப் புடிக்கறதுன்னு சொல்லிப்போடுங்க" என்றான். முக்கால் மணி நேரம் பேசினேன். பாதியிலேயே "சாயப்பட்டறைக்காரரு வந்துட்டாருங்ணா, அப்புறமா கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டான். இன்னும் கூப்பிடவில்லை. மீதியை எழுதிவிடுகிறேன்.

எனக்கும் கரூர்தான். எங்களுக்கும் வீட்டுத் துணி ஏற்றுமதிதான்: மெத்தை விரிப்பு, தலையணை உறை, கிச்சன் டவல். 2017 வரை எகானமியில் மூட்டை மாதிரி போய் வந்தவன். முதுகில் தட்டு விலகியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு வீட்டில் அவங்களே "காசு போனாப் போவுதுங்க, படுத்துட்டே போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாங்க. 2021 ஜனவரியிலும் 2022 ஜனவரியிலும் கொரோனாவால் கண்காட்சி நடக்கவில்லை. அதைக் கழித்தால் 2018 முதல் 2025 வரை ஆறு தடவை. போக ஒன்று, வர ஒன்று என்று பன்னிரண்டு பயணம் பிசினஸ் சீட்டில் படுத்திருக்கிறேன். நாலு விமானக் கம்பெனி, ஐந்து வகை சீட்.

சாப்பாடு, லவுஞ்ச் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. லவுஞ்சில் தயிர் சாதம் கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் ரொட்டி. அவ்வளவுதான்.

பிசினஸ் சீட் என்றதும் எல்லோரும் கேட்கிற கேள்வி, "முழுசாப் படுக்க முடியுமா?" என்பதுதான். முடியும். சரிவாக நின்று, தூங்கத் தூங்கக் கீழே வழுக்கிக்கொண்டே போகிற பழைய சீட்டெல்லாம் பெரும்பாலும் போய்விட்டன. கேட்க வேண்டிய கேள்வி வேறு: கால் எங்கே போகும்?

இப்போது பெரிய கம்பெனிகள் புதிதாகப் போடுகிற சீட் பெரும்பாலும் 1-2-1. ஜன்னலோரம் ஒன்று, நடுவில் இரண்டு, அந்தப் பக்கம் ஒன்று. யாரும் யாரையும் தாண்டிப் போக வேண்டாம், எல்லோருக்கும் நடைவழி உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தனை படுக்கையை அந்த அகலத்துக்குள் எப்படி அடைக்கிறார்கள்? முன் சீட்காரர் கை வைக்கிற மேடை இருக்கிறதே, அதற்கு அடியில் ஒரு பொந்து விடுகிறார்கள். உங்கள் முழங்காலுக்குக் கீழே உள்ளதெல்லாம் அதற்குள் போக வேண்டும். நான் அதை எலி வங்கு என்றுதான் சொல்வேன். தோட்டத்தில் வரப்போரம் பார்த்தவர்களுக்குப் புரியும்.

என் உயரம் ஆறடி, செருப்பு பத்தாம் நம்பர். பையில் எப்போதும் இஞ்ச் டேப் இருக்கும், தொழில் அப்படி. 2023இல் திரும்பி வரும்போது, விளக்கை அணைத்த பிறகு, போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் அந்தப் பொந்தை அளந்தேன். வாய் அகலம் பதினாறு அங்குலம் இருந்தது. விரல் போய் முட்டுகிற கடைசியில் பதினொன்று. உயரம் பத்தரை. என் பாதமே பதினொன்று. மல்லாக்கப் படுத்தால் கட்டைவிரல் மேலே இடிக்கும். ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால் மடங்க இடமில்லை, பக்கத்து மேடையில் போய் முட்டுகிறது. புரண்டு படுக்க வேண்டுமென்றால், உறங்குகிற மனுஷன் முழுசாக எழுந்து, இரண்டு காலையும் வெளியே இழுத்து, திரும்பி, ஊசிக் காதில் நூல் கோர்க்கிற மாதிரி மறுபடி ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டும். நடுராத்திரியில் இதை மூன்று தடவை செய்தால் தூக்கம் எங்கே வரும்? பணிப்பெண் வந்து "எனிதிங் யூ நீட் சார்?" என்று கேட்டார். கையில் டேப்போடு என்ன பதில் சொல்வது?

இன்னொன்று, போகும்போது இருக்கிற கால் வேறு, வரும்போது இருக்கிற கால் வேறு. கண்காட்சி நாலு நாள். ஒரு ஹாலில் இருந்து இன்னொரு ஹாலுக்கு நடக்கிற தூரமே நம்ம கரூர் ஜவஹர் பஜாரைப் பல சுற்று சுற்றிய மாதிரி. மீதி நேரமெல்லாம் ஸ்டாலில் நிற்பது. கடைசி நாள் சாயந்திரம் ஷூவைக் கழற்றினால் கால் வீங்கி சாக்ஸ் அச்சு பதிந்திருக்கும். அந்தக் காலைத்தான் அந்த வங்குக்குள் விட வேண்டும். அதனால் இணையத்தில் ஒரே ஒரு தடவை போய் வந்துவிட்டு "அருமை" என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. திரும்பி வரும்போது எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் தம்பியிடம் மூச்சு விடாமல் சொன்னேன். முதல் வரிசை. முன்னால் சீட் கிடையாது, தடுப்புச் சுவர்தான். மேடைக்கு அடியில் நுழைக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் பல விமானங்களில் அங்கே மட்டும் கால் வைக்கிற இடம் தாராளமாக விரிந்திருக்கும். ஒரே விலை, ஒரே சீட், ஆனால் வேறு ராத்திரி. பதிலுக்குக் கொஞ்சம் கொடுக்கவும் வேண்டும். தொட்டில் மாட்டுகிற இடம் அந்த வரிசையில்தான், குழந்தை அழுதால் உங்கள் காதுக்குத்தான் முதலில் வரும். சமையல் இடமும் கழிப்பறையும் பக்கத்தில் இருந்தால் திரை விலகும்போதெல்லாம் வெளிச்சம் அடிக்கும். கைப்பையைக் கீழே வைக்க விடமாட்டார்கள், ஏறும்போதும் இறங்கும்போதும் மேலேதான் வைக்க வேண்டும். எனக்கு இதெல்லாம் பரவாயில்லை. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவனுக்குக் குழந்தை அழுகை ஒரு சத்தமா?

அந்த முதல் வரிசையிலும் ஒரு பாடுபட்டேன். 2024இல் இரண்டு மாதம் முன்பே, தனியாகப் பணம் கட்டி, ஏழாவது வரிசை ஜன்னல் சீட்டைப் பிடித்தேன். அந்த விமானத்தில் ஏழாவது வரிசை என்பது இரண்டாவது அறையின் முதல் வரிசை. கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது விமானத்தை மாற்றிவிட்டார்கள். கம்பெனி பெயர் வேண்டாம், அவர்களிடமே மறுபடியும் போக வேண்டி வரலாம். புது விமானத்தில் ஏழாவது வரிசை நட்டநடுவில் இருந்தது. முன்னால் ஒருத்தர், அவர் மேடை, அதற்கு அடியில் அதே வங்கு. ஜன்னல் சீட் என்று பெயர், ஆனால் அந்த இடத்தில் ஜன்னலே இல்லை, வெறும் பிளாஸ்டிக் சுவர். கவுன்ட்டரில் கேட்டால் அந்தப் பையன் திரையைப் பார்த்துவிட்டு, "சார், உங்க சீட் நம்பர் மாறவே இல்லையே சார்" என்கிறான். மாறவில்லைதான். என் வீட்டு நம்பர் அப்படியே இருந்து வீட்டை மாற்றிவிட்டால் நான் என்ன செய்வேன்? சீட்டுக்குக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதிய மெயில்கள் ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கின்றன.

அன்றிலிருந்து கிளம்புவதற்கு முந்தின வாரம் தினமும் ஒரு தடவை சீட் வரைபடத்தைத் திறந்து பார்க்கிறேன். நம்பரை அல்ல, வரைபடத்தின் வடிவத்தை. நேற்று இருந்த வரிசைகளும் இன்று இருக்கிற வரிசைகளும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். ஒரே கம்பெனியின் ஒரே போயிங் 777 ரக விமானத்தில் இரண்டு மூன்று வகை சீட் ஓடும். எமிரேட்ஸ் 777 பலவற்றில் பிசினஸே 2-3-2தான், அதாவது அத்தனை காசு கொடுத்தும் நடு சீட் என்று ஒன்று உண்டு. அதே எமிரேட்ஸின் ஏ380 என்ற இரட்டை மாடி விமானத்தில் 1-2-1. அங்கே ஏ, கே எழுத்து வருவது ஜன்னலை ஒட்டியது. பி, ஜே வருவது நடைவழியை ஒட்டியது, போகிறவர் வருகிறவர் இடுப்பெல்லாம் உங்கள் தோளில் உரசும். இரண்டுமே ஒற்றை சீட்தான், ஆனால் எழுத்து மாறினால் எல்லாம் மாறும்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. நியாயமாக நல்லதையும் சொல்ல வேண்டும்.

படுக்கைத் துணி. தொழில்காரன் என்பதால் ஏறி உட்கார்ந்ததும் முதலில் செய்வது, தலையணை உறையின் ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்பது. கத்தார் ஏர்வேஸ்காரர்கள் கொடுத்த விரிப்பு சாட்டின் நெசவு, நல்ல மெல்லிய நூல், கையில் வழுக்குகிறது. மடிப்புத் தையல் ஒரு இடத்திலும் கோணவில்லை. இதே துணியை இதே தரத்தில் நாங்கள் அனுப்பினால் பையர் இன்னும் கொஞ்சம் விலை குறையுங்கள் என்பார், அது வேறு கதை. மெத்தை விரிப்பு என்று ஒன்று மேலே போடுகிறார்கள். தலைமாட்டில் எலாஸ்டிக் வைத்து மாட்டியிருந்தால் நகராது. எலாஸ்டிக் இல்லாத கம்பெனியில் அரை மணி நேரத்தில் இடுப்புக்குக் கீழே சுருண்டு கயிறாகிவிடும். ஒரு மீட்டர் எலாஸ்டிக் என்ன விலை வந்துவிடப் போகிறது?

கத்தார்க்காரர்களுடைய கியூசூட் என்கிற சீட்டில் எனக்கு எதிர்பாராத சந்தோஷம் ஒன்று கிடைத்தது. 2017இல் வந்த வடிவம் அது, கதவு வைத்த அறை மாதிரி. பாதி சீட் பின்பக்கம் பார்த்து இருக்கும். ஜன்னலை ஒட்டிய சீட் வேண்டுமென்றால் பின்னோக்கித்தான் போக வேண்டும். குமட்டும் என்று பயந்தேன். கோவை சதாப்தியில் பாதிப் பேர் பின்பக்கம் பார்த்துத்தானே சென்னை வரைக்கும் போகிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டு போட்டேன். மேலே ஏறும்போது மட்டும் உடம்பு முன்னால் சரிந்து பெல்ட்டில் தொங்குகிற மாதிரி இருந்தது, பத்து நிமிஷம். அப்புறம் எந்தப் பக்கம் பார்த்துப் போகிறோம் என்பதே மறந்துவிட்டது. கதவைச் சாத்தினேன். யார் முகமும் தெரியவில்லை. அந்த ராத்திரி நாலரை மணி நேரம் ஒரே தூக்கம். பன்னிரண்டில் அதுதான் முதலிடம்.

இவ்வளவு சொல்லிவிட்டு என் தீர்ப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள். நாளைக்கே கிளம்பு, எந்த சீட் வேண்டும் என்று கேட்டால், நான் கேட்பது பழைய 2-2-2தான். கதவு கிடையாது. பக்கத்து ஆள் குறட்டை கேட்கும். திரை சின்னது. ஆனால் காலுக்கு மேல் மூடி கிடையாது! நீட்டினால் நீட்டியபடி, பாதம் திறந்த வெளியில் கிடக்கும். அதிலும் நடுவில் இருக்கிற இரண்டில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் அவரவர் பக்கம் நடைவழி இருக்கும், நானும் யாரையும் தாண்ட வேண்டாம், என்னையும் யாரும் தாண்ட மாட்டார்கள். ஜன்னலோர ஜோடியில் உள்பக்கம் மாட்டினால் ராத்திரி ஒன்றுக்குப் போக ஒரு வெள்ளைக்காரர் காலைத் தாண்டிக் குதிக்க வேண்டும், அது மட்டும் வேண்டாம். எங்கள் அப்பாரு களத்தில் கயிற்றுக் கட்டிலில் படுப்பார், பாதம் இரண்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவர் பேரன் நான், அந்த வாகு எனக்கும் வந்திருக்கிறது போல. ஆனால் இந்த சீட்டையும் ஒவ்வொரு கம்பெனியாகக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். பழசு என்று திட்டி எழுதியே கழற்ற வைத்துவிட்டார்கள்.

எந்த வழி போவது என்றும் தம்பி கேட்டான். கோவையில் இருந்தோ திருச்சியில் இருந்தோ நேராக ஐரோப்பாவுக்கு விமானம் இல்லை. வளைகுடா வழி போனால் முதலில் நாலு மணி நேரம், நடுவில் இறங்கி ஏறி, அப்புறம் ஆறரை மணி நேரம். படுக்கை எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் நாலு மணி நேரத்தில் சாப்பாட்டைக் கழித்தால் தூங்க மிஞ்சுவது இரண்டு. பெங்களூர் போய் நேராக ஏறினால் ஒன்பது பத்து மணி நேரம் ஒரே மூச்சு. கரூரில் இருந்து பெங்களூர் ஏர்போர்ட் இருக்கிற தேவனஹள்ளி வரைக்கும் காரில் போகிற முதுகு வலிக்கு அது ஈடாகும். டெல்லி வழி மலிவாக வரும், ஆனால் ஜனவரி மூடுபனியில் அங்கே மாட்டிக்கொண்டவர்கள் கதை ஊரில் நிறைய உண்டு. 2025இல் பொங்கலன்றே கண்காட்சி திறந்தது. பட்டிப் பொங்கலைத்தான் விட்டாச்சு, வந்து சேருகிற நாளையாவது ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும்.

நேற்று ராத்திரி தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறான். சீட் போட்டுவிட்டானாம். வளைகுடா வழி, 1-2-1, ஐந்து வரிசை தள்ளி, ஜன்னலோரம். கீழே "ஆல்ப்ஸ் மலை தெரியுமுங்ளாணா?" என்று கேட்டிருக்கிறான். சொன்னதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. பதில் எழுத உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, அவன் ஆறாம் நம்பர் செருப்புப் போடுகிறவன்.