சம்பள பாக்கி: லேபர் ஆபீஸா, லோக் அதாலத்தா, கோர்ட்டா?

பர்மாவுக்குப் போன ஏஜெண்டுகள், வேலை ஒப்பந்தமான சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு கப்பலேறிய செட்டிநாட்டுப் பூமி இது. இன்று காரைக்குடி மெஸ் அடுப்படியில் வேகிறவரிடமும், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் கல் போடுகிறவரிடமும், கானாடுகாத்தான் பங்களா ஹோட்டலில் அறை துடைக்கும் அக்காவிடமும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. வேலையை விட்டு நின்றால், "கணக்குப் பார்த்துத் தர்றேன், போப்பா" என்பதோடு சரி. அதற்குப் பிறகு எங்கே போவது?

முதலில் எல்லோரும் போவது ஊர்ப் பெரியவரிடம். போகலாம், பலர் முகத்துக்காகவாவது கொடுத்துவிடுவார்கள். ஆனால் "ஆடி கழியட்டும்", "தை பிறக்கட்டும்" என்று இழுத்தால் அங்கேயே உட்கார்ந்திருக்கக் கூடாது. பேச்சு நடக்கிறது என்பதற்காக, மனுப் போடச் சட்டம் தரும் கெடு நிற்காது. 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தில் அந்தக் கெடு 12 மாதமாகத்தான் இருந்தது. எத்தனையோ பேருடைய காசு அதில் போனது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு அதை 3 ஆண்டாக்கியிருக்கிறது. வேலையை விட்டவருக்கு 2 வேலை நாளுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது.

என்னைக் கேட்டால், அடுத்த படி தொழிலாளர் துறை. காரைக்குடி, தேவகோட்டைக்காரர்கள் சிவகங்கைக்கும், திருமயம் பக்கத்தவர்கள் புதுக்கோட்டைக்கும் போக வேண்டும். இந்த வழியை நான் முன்னால் வைக்கக் காரணம் இருக்கிறது. சம்பளம் கொடுத்தாயிற்று என்று முதலாளி சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியவர் அவர்தான். பாக்கியோடு, அதைப்போல 10 மடங்குவரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு இடமுண்டு. கட்டாவிட்டால் நிலவரி பாக்கியைப் போல ஆட்சியர் மூலம் வசூலிக்கலாம். மேலாளர், கணக்குப்பிள்ளை, சூப்பர்வைசரும் இதில் மனுப்போடலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: "இந்த ஆள் என்கிட்ட வேலையே பார்க்கலை" என்று முதலாளி சொல்லிவிட்டால், வேலை பார்த்ததைக் காட்டும் பொறுப்பு நம்முடையது. ஜிபே வரவு, "நாளைக்குச் சீக்கிரம் வா" என்ற வாட்ஸ்அப் செய்தி, முன்பணம் எழுதிய நோட்டு, பிஎஃப் எண், கூட நின்றவர் சாட்சி, எல்லாம் உதவும். போனை மாற்றும்முன் அவற்றை எடுத்து வையுங்கள்.

இரண்டு தரப்பையும் சமரசமாகப் பேசித் தீர்க்க வைக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தின் பலம் வேறு. கட்டணம் இல்லை. அங்கே எழுதும் உடன்பாடு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. பாக்கியை ஒப்புக்கொண்டு தவணை கேட்கிற முதலாளியென்றால் இதைவிட நல்ல இடம் இல்லை. மறுக்கிறவரிடம் பலிக்காது, இரண்டு பேரும் சம்மதித்தால்தான் உடன்பாடு. அவசரத்தில் பாதிக்குக் கையெழுத்துப் போட்டால் மீதி போனதுதான். அதனால் மனுவை லேபர் ஆபீஸில் போட்டுவிட்டு அங்கே போவதே நல்லது. கையில் வழக்கு இருக்கிறவரிடம் பேசும் தொனியே மாறும்.

லேபர் கோர்ட் என்றால் காரைக்குடிப் பக்கத்தவர்கள் மதுரைக்கு அலைய வேண்டும். அதுவும் முன்பே உறுதியான தொகையைக் கணக்கிட்டு வாங்கத்தான் சுலபம். அந்தப் பணத்துக்கு உரிமை உண்டா என்பதே தகராறு என்றால் அந்தக் குறுக்கு வழி அடைபடும். ஆனால் வேலைநீக்கமே தவறு, திரும்ப வேலை வேண்டும் என்பவர் அந்தப் பாதையில்தான் போக வேண்டும்.

சிவில் வழக்கை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கோர்ட் கட்டணம், வருடக்கணக்கில் வாய்தா. போதாததற்கு, அதிகாரியிடம் கேட்டிருக்கக்கூடிய சம்பளத்துக்கு சிவில் வழக்கே செல்லாது. வக்கீல் வைக்கக் காசில்லை என்று பயப்பட வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. காரைக்குடி கோர்ட் வளாகத்தில் விசாரியுங்கள்.

10 பேரோ அதற்கு மேலோ இருந்த இடத்தில் 5 வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) சேரும்: வருடத்துக்கு 15 நாள் சம்பளம். அதற்கு மனு தனி. "எல்லாத்துக்கும் சேர்த்து இவ்வளவு வாங்கிக்க" என்று நீட்டும் சீட்டில், அது என்னென்ன என்று பிரித்து எழுதாதவரை கையெழுத்துப் போடாதீர்கள்.